பழைய செரோக்கியும் ஃபியூல் பம்பும்

செல்ஃப் அடித்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. பழைய பெட்ரோல் எஸ்யூவி ஒன்று இப்படி நின்றுவிட்டால் முதலில் பழி விழுவது ஃபியூல் பம்ப் மீதுதான். அது டேங்குக்குள் மறைந்து கிடப்பதால் கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அதனாலேயே சந்தேகத்தின் பேரில் மாற்றப்படும் பாகமாகவும் அது ஆகிவிட்டது. புது பம்ப் மாட்டிய பிறகும் வண்டி அசையாமல் நின்றால், செலவழித்த பணம் திரும்பாது. உண்மையில் இந்தப் பம்பின் நிலையைச் சரியாகக் கணிக்க ஒரு பிரஷர் கேஜ், ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை ஆகியவையே போதும்.

இதை விளக்க ஜீப் செரோக்கியைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது. 1984 மாடல் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்து 2001 வரை அங்கே விற்பனையான எக்ஸ்ஜே வகை செரோக்கி, அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் வடிவமைத்து ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் தயாரித்த வண்டி. 1987-இல் அந்த நிறுவனத்தை கிரைஸ்லர் வாங்கியது. அதே ஆண்டு மாடலில்தான் ஆறு சிலிண்டர்கள் வரிசையாக அமைந்த 4.0 லிட்டர் இன்ஜினும் வந்து சேர்ந்தது. பராமரித்தால் மிக நீண்ட காலம் உழைக்கும் இன்ஜின் அது. இன்ஜின் கெடாமல் இருக்கும்போதே, அதைச் சுற்றியுள்ள ஒயர், ரிலே, ரப்பர் ஹோஸ், பம்ப் எல்லாம் முதுமை அடைகின்றன. பழைய எஸ்யூவிகளின் எரிபொருள் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த முதுமையிலிருந்தே பிறக்கின்றன.

டேங்குக்குள் இருப்பது ஒரு சிறிய மின் மோட்டார். அதன் அடியில் உள்ள வலை வழியாகப் பெட்ரோலை இழுத்து, ஃபில்டர் வழியாக இன்ஜின் மேலுள்ள ஃபியூல் ரெயிலுக்கு அழுத்தத்துடன் அனுப்புகிறது. அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அளவாகத் தெளிக்கின்றன. மோட்டாரைப் பெட்ரோலுக்குள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: பம்ப் வழியாக ஓடும் பெட்ரோலே அதன் சூட்டைத் தணிக்கிறது, உராய்வையும் குறைக்கிறது. ரிசர்வ் விளக்கு எரிந்தபடியே எப்போதும் ஓட்டுவது பம்பின் ஆயுளைக் குறைக்கும் என்று மெக்கானிக்குகள் எச்சரிப்பது இதனால்தான். பம்பின் வாயில் ஒரு செக் வால்வும் இருக்கும். இன்ஜினை அணைத்த பிறகு லைனில் உள்ள பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிவிடாமல் அது தடுத்து நிறுத்துகிறது.

1995 வரையிலான வண்டிகளுக்கும் 1997 முதலான வண்டிகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பழுது பார்க்க இறங்கக் கூடாது. 1990-களின் முற்பகுதி வண்டிகளில் பிரஷர் ரெகுலேட்டர் இன்ஜின் பக்கம், ஃபியூல் ரெயிலிலேயே இருக்கிறது. மிஞ்சிய பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. ஃபில்டர் வண்டிக்கு அடியில் தனியாக உண்டு. 1997 முதல் ரெகுலேட்டரும் ஃபில்டரும் ஒரே உறுப்பாகி, டேங்கில் பம்ப் மாட்யூலின் தலையில் உட்கார்ந்துவிட்டன. இன்ஜின் பக்கம் ரிட்டர்ன் லைனே கிடையாது. ஆகவே முதல் வகைக்கான சோதனை முறையை இரண்டாவது வகையில் அப்படியே செய்து பார்த்தால் முடிவு தவறாகிவிடும்.

சோதனை காதிலிருந்து தொடங்குகிறது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், செல்ஃப் அடிப்பதற்கு முன்பே, கம்ப்யூட்டர் பம்பை ஓரிரு விநாடிகள் ஓட விட்டு நிறுத்தும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் டேங்க் அருகே காதை வைத்தால் மெல்லிய முனகல் கேட்க வேண்டும். சத்தம் கேட்டால் பம்புக்குக் கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது என்பது வரை உறுதி. போதுமான அழுத்தம் தருகிறதா என்பது வேறு கேள்வி. சத்தமே இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியவை ஃபியூஸும் ரிலேயும். பானெட்டுக்குக் கீழே அதே வகை ரிலே இன்னொன்று இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. வேறு நிறுவன வண்டிகளில் இந்தக் கட்டத்தில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் போன்றவற்றில், மோதல் நேர்ந்தால் பம்பை நிறுத்துவதற்கென்று ஒரு தனி சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கிய அதிர்ச்சியே அதைத் தட்டிவிடக்கூடும். அதன் பட்டனை மீண்டும் அழுத்தினால் போதும், வண்டி கிளம்பிவிடும்.

செரோக்கி உரிமையாளர்களை அதிகம் ஏமாற்றுவது பம்ப் அல்ல, கிராங்க் பொசிஷன் சென்சார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், சைலன்சர் குழாயின் சூடு தாக்கும் தொலைவில் அது பொருத்தப்பட்டிருக்கிறது. 1991 முதலான வண்டிகளில், இன்ஜின் சுற்றுகிறது என்ற சமிக்ஞை இந்த சென்சாரிலிருந்து வந்தால்தான் கம்ப்யூட்டர் பம்பைத் தொடர்ந்து ஓட விடும், ஸ்பார்க்கும் கொடுக்கும். சென்சார் செத்துப்போனால் இரண்டும் ஒருசேர நின்றுவிடும். சூடேறியதும் இன்ஜின் சட்டென நின்று, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். சூட்டில் திணறும் பம்பும் இதே போன்ற அறிகுறியைத்தான் காட்டும். பிரித்தறிய ஒரே வழி ஸ்பார்க் வருகிறதா என்று பார்ப்பது. ஸ்பார்க் இருந்து பெட்ரோல் மட்டும் வரவில்லையென்றால் பம்பின் பக்கம் போகலாம். இரண்டுமே இல்லையென்றால் பம்பைத் தொடக் கூடாது. இந்த ஒரு சோதனையைத் தவிர்த்ததால் தேவையின்றி இறக்கப்பட்ட டேங்குகள் ஏராளம்.

ரெனிக்ஸ் என்ற எரிபொருள் அமைப்பு கொண்ட 1987 முதல் 1990 வரையிலான வண்டிகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. பம்பின் இரைச்சலைக் குறைப்பதற்காக அதன் மின் பாதையில் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டரை வைத்திருந்தார்கள். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கரண்ட் அதைத் தாண்டி நேராகப் பம்புக்குப் போகும். ரெசிஸ்டர் அறுந்துவிட்டால், செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கும். சாவியை விட்டதும் அணைந்துவிடும். இந்த அறிகுறியைக் கண்டதுமே காரணம் தெரிந்துவிடும் என்பதால் பழுது பார்ப்பவருக்கு இது ஒரு வரம்.

மின்சாரப் பக்கம் குறையில்லை என்றான பிறகுதான் கேஜுக்கு வேலை. 1991 முதலான இன்ஜின்களின் ஃபியூல் ரெயிலில், டயர் வால்வைப் போன்ற ஒரு சோதனை வால்வு மூடியுடன் இருக்கும். கேஜின் ஹோஸை அதில் முறுக்கி, இன்ஜினை ஐட்லிங்கில் ஓட விட வேண்டும். 1991 முதல் 1995 வரையிலான வண்டிகளில், ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸ் மாட்டியிருக்கும்போது சுமார் 31 பிஎஸ்ஐ, கழற்றினால் சுமார் 39 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். 1997 முதல் சுமார் 49 பிஎஸ்ஐ. வேக்குவம் ஹோஸ் என்ற பேச்சே இல்லை. ஹோஸைக் கழற்றியும் முள் ஏறவில்லையென்றாலோ, கழற்றிய ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தாலோ, ரெகுலேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள்.

அழுத்தம் குறைவாக இருந்தால், ரிட்டர்ன் லைன் உள்ள வண்டிகளில் அந்த ரப்பர் ஹோஸைக் கிளாம்பால் ஒரு நொடி மட்டும் மெதுவாக நெரித்துப் பார்க்கலாம். முள் விறுவிறுவென்று ஏறினால் பம்புக்கு வலு இருக்கிறது, ரெகுலேட்டர்தான் பெட்ரோலைத் தாராளமாகத் திருப்பி அனுப்புகிறது. ஏறவே இல்லையென்றால் அடைத்துக்கொண்ட ஃபில்டர், அடைத்த வலை, தேய்ந்த பம்ப் ஆகியவற்றில் ஒன்று. அடைப்பு எதுவென்று அறிய முதலில் ஃபில்டரை மாற்றிப் பார்ப்பதே சிக்கனம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஐட்லிங்கில் அழுத்தம் சரியாக இருந்து, மேடு ஏறும்போதும் முந்தும்போதும் மட்டும் இழுவை குறைந்து வண்டி குலுங்கினால், சிக்கல் அழுத்தத்தில் அல்ல, அளவில். கேஜை உள்ளிருந்து தெரியுமாறு வெளியே பாதுகாப்பாகக் கட்டி, உடன் வருபவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தால் முள் சரிவது கண்ணுக்குத் தெரியும்.

காலையில் முதல்முறை மட்டும் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது செரோக்கியின் பிரசித்தி பெற்ற குறை. லைனில் தேங்க வேண்டிய அழுத்தம் இரவோடு இரவாக வடிந்துவிடுகிறது. சாவியை ஆன் செய்து, பம்ப் நின்றதும் அணைத்து, மறுபடி ஆன் செய்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகு செல்ஃப் அடித்தால் இன்ஜின் உடனே பிடிக்கிறதா? பிடித்தால் காரணம் கசிவே. பம்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர் மூன்றில் எது என்பதைக் கிளாம்ப் சொல்லிவிடும். பம்ப் நின்றவுடன் சப்ளை ஹோஸை நெரித்தால் அழுத்தம் நிற்கிறது என்றால் செக் வால்வு. ரிட்டர்ன் ஹோஸை நெரித்தால் நிற்கிறது என்றால் ரெகுலேட்டர். இரண்டையும் நெரித்தும் வடிகிறது என்றால் இன்ஜெக்டர். செக் வால்வு மட்டும் கசிகிறது என்பதற்காகப் பம்பை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. சாவியை இரண்டு முறை திருப்பும் பழக்கத்துடன் ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். இன்ஜெக்டர் கசிவை மட்டும் அப்படி விட்டுவைக்கக் கூடாது. சிலிண்டருக்குள் சொட்டும் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும்.

பம்ப்தான் குற்றவாளி என்று தோன்றிய பிறகும் ஒரு கடைசிச் சோதனை மீதமிருக்கிறது. பம்பின் கனெக்டரில், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜ் அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி வைத்து அளந்தால் துருப்பிடித்த ஒயர்கூட 12 வோல்ட் காட்டிவிடும். ஓடும்போது பேட்டரிக்கும் பம்புக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போனால், அது ரிலேயிலோ கனெக்டரிலோ எர்த் ஒயரிலோ தொலைகிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் வடக்கு அமெரிக்க மாநிலங்களில் வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிப்பதால், எர்த் பாயிண்ட் கெட்டுப் பம்ப் மெலிந்து ஓடுவது சகஜம். துருவைத் தேய்த்து எர்த்தை இறுக்கினால் அந்தப் பழைய பம்பே முழு வலுவுடன் உழைக்கும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், தீ விபத்து பற்றிய பயம் இருப்பது நல்லது. திறந்தவெளியில், சூடு ஆறிய வண்டியில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேலை செய்ய வேண்டும். ரிலேயைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட விட்டால், லைனில் உள்ள பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றுவிடும், அழுத்தமும் இறங்கிவிடும். அதன்பின் பேட்டரியைக் கழற்ற வேண்டும். 1996 வரையிலான செரோக்கிகளில் பம்ப் டேங்கின் பக்கவாட்டில் நுழைந்திருப்பதால் டேங்கை இறக்காமலே எடுத்துவிடலாம். பெட்ரோலை மட்டும் அந்தத் துளைக்குக் கீழே வடித்திருக்க வேண்டும். 1997 முதல் பம்ப் டேங்கின் தலையில் இருப்பதால் டேங்கை இறக்குவதுதான் வழி. ஆகவே டேங்க் முக்கால்வாசி காலியாக இருக்கும் நாளில் இதைச் செய்வது புத்திசாலித்தனம். இரும்பு லாக் ரிங் உள்ள டேங்கில் உளியும் சுத்தியலும் தீப்பொறி கிளப்பும். பித்தளைக் கம்பியால் தட்டித் திருப்ப வேண்டும். பழைய ஓ-ரிங்கையும் வலையையும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. டேங்கின் அடியில் துருவோ சேறோ இருந்தால் அதைக் கழுவாமல் புது பம்பை இறக்குவது வீண்; சில மாதங்களில் புது வலையும் அடைத்துக்கொள்ளும். பம்புக்கும் குழாய்க்கும் இடையே டேங்குக்குள் உள்ள சிறு ரப்பர் ஹோஸை மாற்றும்போது, பெட்ரோலில் மூழ்கியிருக்கவென்றே செய்யப்பட்ட ஹோஸையே வாங்க வேண்டும். வெளிப்பக்கம் பயன்படுத்தும் சாதாரண ஹோஸ் பெட்ரோலில் ஊறி உப்பிப் பிளந்துவிடும்.

இந்த வழிமுறை செரோக்கிக்கு மட்டும் உரியதல்ல. 2000-இல் எம்பிஎஃப்ஐ இன்ஜின் பெற்ற மாருதி ஜிப்சிக்கும் அடிப்படை இதுவே. அழுத்த அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். டீசல் பொலேரோ, சுமோ போன்றவற்றின் கதை வேறு. அங்கே பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுழல்கிறது. சிக்கல் பெரும்பாலும் லைனில் காற்று புகுவதுதான்.

புது பம்ப் மாட்டியதும் செல்ஃபை அடிக்காமல் சாவியைச் சில முறை ஆன் செய்து லைனை நிரப்ப வேண்டும். அழுத்தம் ஏறியதும் டேங்கின் வாயிலும் ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பார்த்து, பிறகே இன்ஜினைக் கிளப்ப வேண்டும். கேஜை அப்படியே விட்டு ஐட்லிங் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, இன்ஜினை அணைத்து அரை மணி நேரம் கழித்து முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டேங்கை நிரப்பிய பிறகு கசிவை மீண்டும் ஒருமுறை சோதிப்பது அவசியம். சரியாக உட்காராத ஓ-ரிங், பாதி டேங்கில் ஒன்றும் காட்டாது. நிரம்பிய டேங்கில்தான் சொட்டத் தொடங்கும்.