புளோக்குக்குக் கீழே பறக்கும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி எது? ஒரு படம் எடுத்துப் பாருங்கள்!

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழி. புல்தரை ஓரமாக, முழங்கால் உயரத்தில், மஞ்சளாக ஏதோ ஒன்று தத்தித் தத்திப் பறக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்த வேகத்தில் மறந்தும் இருப்பீர்கள்.

"அட, அந்த மஞ்சள் பட்டாம்பூச்சியா? அதுதான் எங்க பார்த்தாலும் இருக்கே!"

இருக்கிறதுதான். ஆனால் நேற்று பார்த்ததும் இன்று பார்த்ததும் ஒரே வகைதானா?

பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் சிறிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளில் ஐந்துக்கும் மேற்பட்ட வகைகள் சிங்கப்பூரில் பதிவாகியுள்ளன. பறக்கும்போது அவற்றைப் பிரித்துச் சொல்வது பழகியவர்களுக்கே கஷ்டம். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஒரு தெளிவான படம் இருந்தால், பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பெயரில் புல், சாப்பாட்டில் இல்லை

அதிகம் கண்ணில்படுவது 'காமன் கிராஸ் யெல்லோ'. அறிவியல் பெயர் யூரிமா ஹெக்கபி. ஹெக்கபி என்பது கிரேக்கக் கதைகளில் வரும் டிராய் நகரத்து அரசியின் பெயர். சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் 1758இல் அதை இந்தப் பூச்சிக்கு வைத்தார். நம் புல்தரையில் சுற்றித் திரிகிற ஒன்றுக்கு அரசி பெயர்!

இறக்கையை விரித்தால் சுமார் 4 சென்டிமீட்டர். ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இது வாழ்கிறது. தமிழ்நாட்டுக்கு விடுமுறைக்குப் போனபோது பாட்டி வீட்டு வேலியோரம் நீங்கள் பார்த்ததும் இதே வகையாக இருக்கலாம்.

ஆங்கிலப் பெயரில் 'கிராஸ்' இருக்கிறதே தவிர, இதன் புழு புல்லைச் சாப்பிடுவதில்லை. அதற்கு வேண்டியது அவரை, புளி, கொன்றை போன்றவை அடங்கிய பயறுக் குடும்பத்துச் செடி, மரங்களின் இலைகள். அந்தக் குடும்பத்திலும் எல்லாவற்றையும் தொடாது. சரக்கொன்றை பிடிக்கும். சாலையோரம் சில நாள் மரம் முழுக்க மஞ்சள் சரமாகத் தொங்குமே, அதுதான். காலி நிலங்களில் வேகமாக உயர்ந்து நிற்கும் அல்பிசியா மரத்தின் இலையும் பிடிக்கும்.

நகரத்துக்குள்ளேயே இது தாக்குப்பிடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். காட்டுக்குள் மட்டும் வளரும் ஒரு கொடியை நம்பியிருந்தால், காடு போனதும் கதை முடிந்திருக்கும். இதற்கோ நாமே சாலையோரத்தில் சாப்பாட்டை நட்டு வைத்திருக்கிறோம்.

உட்கார்ந்தால் இறக்கையை மூடிக்கொள்ளும்

படம் எடுக்கப் போனால் முதலில் தெரியவருவது இதுதான். சில வண்ணத்துப்பூச்சிகள் பூவில் உட்கார்ந்து இறக்கையை அகல விரித்துக் காட்டும். இது காட்டாது. உட்கார்ந்த உடனே இரண்டு இறக்கைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்து மூடிக்கொள்ளும், புத்தகத்தை மூடுவதுபோல்.

அதனால் உங்களுக்குக் கிடைக்கும் படம் எப்போதும் இறக்கையின் அடிப்பக்கம்தான். மேல்பக்கத்தில் அழகான கறுப்பு விளிம்பு உண்டு. பறக்கும்போது மின்னி மறையும், அவ்வளவுதான்.

அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வெயில் பூச்சிக்குப் பின்னாலிருந்து வரும்படி நீங்கள் நின்றுகொள்ளுங்கள். இறக்கை மெல்லியது என்பதால், கறுப்பு விளிம்பு நிழல்போல் அடிப்பக்கத்தில் தெரியும். பூச்சியை மஞ்சள் விளக்குபோல் காட்டும் படமும் இந்தக் கோணத்தில்தான் கிடைக்கும்.

ஆனால் வகையைக் கண்டுபிடிக்க வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பது நல்லது. அடிப்பக்கத்தில் இருக்கும் சின்னப் பழுப்புப் புள்ளிகளை அப்போதுதான் எண்ண முடியும்.

புள்ளியை எண்ணுங்கள்

முன் இறக்கையில், உடம்போடு சேரும் இடத்திலிருந்து நடுப்பகுதி வரை, நரம்புகள் சூழ்ந்த நீளமான ஒரு கட்டம் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி அதற்குள் பாருங்கள்.

இரண்டு புள்ளி என்றால் காமன் கிராஸ் யெல்லோ. மூன்று என்றால் 'திரீ ஸ்பாட் கிராஸ் யெல்லோ'. ஒன்றே ஒன்று என்றால் 'ஆண்டர்சன்ஸ் கிராஸ் யெல்லோ'வாக இருக்கலாம். முன் இறக்கையின் நுனியில் சாக்லேட்டைத் தொட்டு வைத்ததுபோல் பெரிய பழுப்புத் திட்டு இருந்தால், எண்ணவே வேண்டாம், பெயரே 'சாக்லேட் கிராஸ் யெல்லோ'.

சில பூச்சிகளில் புள்ளி மங்கிப்போயிருக்கும். சிலவற்றில் பாதிதான் தெரியும். அதனால் ஒரு படத்தை வைத்து அடித்துப் பேசாதீர்கள். இரண்டு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நின்னாத்தானே எடுக்க முடியும்?

உண்மைதான். பின்னால் ஓடினால் கிடைக்காது. ஓட வைப்பதில் அது கெட்டிக்காரப் பூச்சி. மெதுவாகத்தான் பறக்கும், ஆனால் நிற்காது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு முயற்சி செய்தால் உங்களுக்கு வியர்ப்பதுதான் மிச்சம்.

காலையில் சீக்கிரம் போங்கள். வண்ணத்துப்பூச்சிக்குப் பறக்க உடம்பு சூடேற வேண்டும். இரவில் இலைக்கு அடியில் தொங்கித் தூங்கிய பூச்சி, வெயில் படும்வரை சோம்பலாகத்தான் இருக்கும். மழை விட்டு மேகம் மூடியிருக்கும் நேரமும் நல்லது. அந்த வெளிச்சத்தில் இறக்கையில் கண்கூசும் பளபளப்பு இருக்காது.

பகலில்தான் நேரம் கிடைக்கிறது என்றால், அது சாப்பிடும் இடத்தில் காத்திருங்கள். புல்தரையில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டு போன்ற குட்டிப் பூக்களில் தேன் குடிக்கும் சில வினாடிகள் அது அசையாது. ஈர மண்ணில் ஆண் பூச்சிகள் உட்கார்ந்து உறிஞ்சுவதையும் பார்க்கலாம். அவற்றுக்கு வேண்டியது தண்ணீர் மட்டுமல்ல, அதில் கரைந்திருக்கும் உப்பும்தான். அந்த வேலையில் மூழ்கிவிட்டால் நீங்கள் பக்கத்தில் வருவதைக்கூட அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

கைத்தொலைபேசி போதும். ஆனால் முகத்துக்கு நேரே கொண்டுபோய் நீட்டாதீர்கள். ஓர் எட்டுத் தள்ளி நின்று, தொலைபேசியில் இருக்கும் 2 அல்லது 3 மடங்கு பெரிதாக்கும் லென்ஸைப் பயன்படுத்துங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது, விழுந்தால் பறந்துவிடும். முழங்காலை மடக்கி, அதன் உயரத்துக்கு இறங்குங்கள்.

தொலைபேசித் திரையும் மூடிய இறக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கட்டும். சற்றுச் சாய்ந்தாலும் கண் தெளிவாக இருக்கும், இறக்கை நுனி மங்கிவிடும், அல்லது நேர்மாறாக. எனக்குக் கிடைத்த முதல் இருபது படங்களும் அந்த ரகம்தான்.

இன்னொரு தொல்லை மஞ்சள் நிறமே. கேமரா பின்னால் இருக்கும் கரும்பச்சைப் புல்லைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பூச்சி வெறும் மஞ்சள் காகிதத் துண்டுபோல் ஆகி, புள்ளிகள் காணாமல் போய்விடும். திரையில் பூச்சியைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். படம் சற்று இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. இருட்டைப் பிறகு சரிசெய்யலாம்; வெளுத்துப்போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பிடித்து, பெட்டியில் போட்டு, குளிரவைத்துப் படம் எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது பூச்சிக்குத் துன்பம். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் உயிரினங்களைப் பிடிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

கேமராவுக்குத் தெரியாத நிறம்

எவ்வளவு விலையுயர்ந்த தொலைபேசி வைத்திருந்தாலும் இந்தப் பூச்சியின் ஒரு நிறம் உங்கள் படத்தில் வராது.

ஆண் பூச்சியின் இறக்கை மேல்பக்கத்தில் உள்ள செதில்கள் புறஊதாக் கதிர்களைப் பிரதிபலிக்கின்றன. அது சாயத்தால் வருவதல்ல. செதிலின்மேல் உள்ள மிக நுண்ணிய வரிகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. குறிப்பிட்ட கோணத்தில் மட்டுமே தெரியும் என்பதால், இறக்கையை அடிக்க அடிக்க விளக்கு அணைந்து எரிவதுபோல் மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. பெண் பூச்சிக்குத் தெரியும். யூரிமா ஹெக்கபியை வைத்து நடத்திய ஆய்வுகளில், அந்த மினுக்கு பிரகாசமாக உள்ள ஆண்களையே பெண்கள் அதிகம் விரும்பியது தெரியவந்தது.

நாம் பார்க்கும் மஞ்சளோ சாயம்தான். டெரின் என்ற வகைப் பொருள். நம் உடலுக்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் மூலக்கூறிலும் டெரின் ஒரு பகுதியாக இருக்கிறது என்பது வேறு கதை.

'வொல்பாக்கியா' என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்குக் கொசு ஞாபகம் வரும். டெங்கியைக் கட்டுப்படுத்த அந்த நுண்ணுயிரியைச் சுமக்கும் ஆண் கொசுக்களை நம் பேட்டைகளில் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் விட்டுவருகிறது. அதே வொல்பாக்கியா ஜப்பானின் தெற்குத் தீவுகளில் வாழும் யூரிமா வண்ணத்துப்பூச்சிகளிலும் இருக்கிறது. அங்கே அது செய்யும் வேலை வேறு. அதன் ஒரு வகை புகுந்த தாய்ப் பூச்சிக்குப் பிறப்பதெல்லாம் பெண்ணாகவே வளர்கின்றன. நுண்ணுயிரி தாய்வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது; ஆண் அதற்குப் பயனில்லை!

எங்கும் இருப்பதை எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?

1854இல் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். புக்கிட் தீமா காட்டில் பூச்சிகளைச் சேகரித்தார். அந்தக் காலந்தொட்டுக் கிடைத்த பதிவுகளைத் தொகுத்து, 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சுமார் 160 ஆண்டுகளில் சிங்கப்பூரின் வண்ணத்துப்பூச்சி வகைகளில் ஏறத்தாழப் பாதி இங்கே இல்லாமல் போய்விட்டன என்பது அதன் கணிப்பு.

அப்படிக் கணக்கிட முடிந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் அன்று குறித்து வைத்ததுதான். அரியதைப் பார்த்தால் எல்லாரும் குறித்துக்கொள்வார்கள். எங்கும் இருப்பதை யாரும் குறிப்பதில்லை. அது குறையத் தொடங்கினால், எப்போதிலிருந்து என்று சொல்ல ஆளிருக்காது.

மஞ்சள் பூச்சிகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். எல்லாவற்றையும் 'அந்த மஞ்சள்' என்று ஒரே பெயரில் விட்டுவிட்டால், காட்டோரத்தில் மட்டும் வாழும் வகை ஒன்று மறைந்தாலும் நமக்குத் தெரியாது. கண்முன் மஞ்சள் பறந்துகொண்டேதான் இருக்கும்.

2020 'சர்க்கிட் பிரேக்கர்' காலம் நினைவிருக்கிறதா? புல்வெட்டும் பணி நின்றுபோனது. புல்தரைகளில் காட்டுப்பூக்கள் பூத்தன. வண்ணத்துப்பூச்சிகள் அதிகம் தென்படுவதைப் பலர் கவனித்தார்கள். சிலருக்கு அது பிடித்தது, சிலர் "எப்ப வெட்டப் போறாங்க?" என்று கேட்டார்கள். இரு பக்கமும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்துவிடாமல் ஓர் ஓரத்தையாவது விட்டுவைக்கலாம் என்பேன்.

நீங்கள் எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் தேதி, இடத்துடன் பதிவேற்றலாம். வகையைத் தவறாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் வேண்டாம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள்.

கொன்றை மரத்தடியில் கொஞ்சம் நில்லுங்கள்

பறக்கும் பூச்சி அலுத்துவிட்டால், அடுத்த சவால் இது.

கொன்றையின் இளந்தளிரைச் சுற்றி ஒரு மஞ்சள் பூச்சி இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் போகிறதா? அது பெண். காலால் சுவை பார்க்கிறது. சரியான இலைதான் என்று தெரிந்தால் ஒரு நொடி நின்று வயிற்றை வளைக்கும். அது போனதும் அந்த இலையைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், நடுவில் பருத்த வெள்ளை முட்டை ஒன்று செங்குத்தாக நிற்கும். காமன் கிராஸ் யெல்லோ ஒவ்வொன்றாகத்தான் முட்டையிடும். ஒரே இடத்தில் கும்பலாக இருந்தால் அது திரீ ஸ்பாட்டின் வேலையாக இருக்கலாம். இலையைப் பறிக்காமல் படம் எடுத்துக்கொண்டு, இடத்தை மட்டும் நினைவில் வையுங்கள்.

சுமார் மூன்று நாளில் புழு வெளிவரும். பச்சை நிறம், இலை நரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும். கண்ணெதிரே இருந்தாலும் சட்டென்று பிடிபடாது. நான்கு முறை தோலுரித்த பிறகு, தண்டில் ஒரு பட்டு நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பறப்பதுவரை எல்லாம் சேர்த்து மூன்று வாரம் போல.

கூட்டுப்புழு கண்ணில் பட்டால் தினமும் எட்டிப் பாருங்கள். பச்சைக் கூட்டின் பக்கவாட்டில் மஞ்சள் தெரியத் தொடங்கினால், மறுநாள் காலை பள்ளிக்கோ வேலைக்கோ கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள்.