மழைக்கும் மார்கழிக் குளிருக்கும் வீட்டையும் கொட்டாயையும் தயார் செய்வோம்

நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஊட்டி மாதிரி உறைபனி கிடையாது. மார்கழி ராத்திரியில் கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் குளிருக்கு எதுக்குய்யா தயாரிப்புன்னு கேட்கலாம். காய்ந்த உடம்புக்கு 20 டிகிரி ஒண்ணும் செய்யாது. நனைஞ்ச உடம்பில் வாடைக்காற்று பட்டால் கதையே வேறு. ஈரம் காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கிட்டுத்தான் காயும். கன்றுக்குட்டி விறைச்சுப் போறதும், வயசானவங்களுக்கு நெஞ்சுச் சளி கட்டுறதும் இதனால்தான். ஆகவே நம்ம ஊரில் குளிருக்குத் தயாராவது என்றால், முதலில் ஈரத்தை வெளியே நிறுத்துவது.

நான் வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் இருந்தவன். மழைக்காலம் முடிந்து தை மாசம் வரும் மனுக்கள் பயிருக்காக மட்டும் வருவதில்லை. விதை நனைஞ்சு போச்சு, கறவை மாடு செத்துப் போச்சு, கூரை பறந்து போச்சு என்றும் வருவார்கள். இவற்றில் பலதைப் புரட்டாசியில் இரண்டு நாள் வேலை செய்து தடுத்திருக்கலாம்.

காற்று ஒரு விதம், தண்ணீர் ஒரு விதம்

2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயல் காற்றால் அடித்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகம். 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. கணக்குப் போட்டுப் பாருங்க: 1,000 சதுர அடி கூரையில் 50 சென்டிமீட்டர் பெய்தால் 46,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி நான்கை உங்க வாசலில் திறந்துவிட்ட மாதிரி. அது எந்தப் பக்கம் போகும்னு மழைக்கு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

மழை ஓய்ந்த பிறகும் கவனம் தேவை. அப்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்து, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மாடுகளை எந்த மேட்டுக்கு ஓட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் மாட்டைக் கட்டி வைக்காமல் அவிழ்த்துவிட வேண்டும்.

கூரை

கீற்றோ பனை ஓலையோ, மக்கிய இடத்தை மாற்றி, கட்டுகளைப் புதுக் கயிற்றால் இறுக்குங்கள். மேலே பழைய மீன்வலையைப் போர்த்தி, நாலு பக்கமும் முளை அடித்துக் கட்டினால் காற்று எளிதில் தூக்காது. ஷீட் கூரைக்கு ஜே போல்ட்டும் தார் வாஷரும் சரியாக இருக்கா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மொட்டை மாடியில் சருகைக் கூட்டி, மழைநீர்க் குழாய் வாயைத் திறந்து வையுங்கள். வீட்டை ஒட்டிய முருங்கையைக் கவாத்து செய்துவிட வேண்டும். அது லேசான காற்றுக்கே முறியும்.

மாட்டுக் கொட்டாய்

குளிர் என்று கொட்டாயை முழுக்க மூடிவிடக் கூடாது. மாட்டின் மூச்சிலும் மூத்திரத்திலும் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் ஷீட்டில் பட்டு, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக முதுகில் விழும். மழையில்லாமலே மாடு நனைஞ்சிடும். வாடை வரும் வடக்கிலும், கொண்டல் வரும் கிழக்கிலும் சாக்குப் படுதா கட்டுங்கள். கூரைக்குக் கீழே ஒரு அடி திறந்தே இருக்கட்டும். ஷீட்டுக்கு அடியில் கீற்று கட்டினால் சொட்டுவது குறையும்.

தரை மூத்திரக் குழியை நோக்கிச் சரிவாக இருக்கணும். மேலே காய்ந்த கரும்புச் சோகையோ மல்லாட்டைத் தோலோ நாலு அங்குலம் பரப்பி, நனைந்ததை அள்ளி எருக்குழியில் போடுங்கள். மடிவீக்கமும் குளம்பு அழுகலும் ஈரத் தரையில்தான் வரும்; எருவும் நமக்கு மிச்சம். குளிர் நாளில் ராத்திரித் தீனியாக வைக்கோலைக் கூடக் கொஞ்சம் போடுங்கள். அது வயிற்றில் செரிக்கும்போது உடம்புக்குச் சூடு கிடைக்கும். கோமாரித் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

விதை

ஆடிப்பட்டத்தில் விளைந்த மல்லாட்டைதான் மார்கழி, தை விதைப்புக்கு விதை. இரண்டுக்கும் நடுவே முழு மழைக்காலமும் இருக்கு. காயை உடைக்காமல் காயாகவே வையுங்கள். விதைப்புக்கு முன்னாடி உடைத்தால் போதும். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கணும், அதுதான் காய்ந்ததற்கு அடையாளம். மூட்டையைத் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். ஏக்கருக்கு 50, 60 கிலோ பருப்பு வேணும். நனைந்து போனால் கடையில் சொல்ற விலைக்குத்தான் வாங்கணும்.

ஈரம் ஏறிய மல்லாட்டையிலும் புண்ணாக்கிலும் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். காய்ச்சினாலும் அது போகாது, பாலிலும் இறங்கும். பூசணம் கண்டதை மாட்டுக்குப் போடாதீங்க.

வீட்டுக்குள்

குளிர் காய அடுப்புக்கரியை மூடிய அறையில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். கொட்டாயில் கொசுவுக்கு மூட்டம் போடுவதையும் திறந்த வெளியில், வைக்கோல் போருக்கு எட்டத்தில் செய்யுங்கள்.

காய்ந்த விறகு பத்து நாளுக்காவது கூரைக்குக் கீழே இருக்கட்டும். விறகிலும் மூட்டை இடுக்கிலும் பாம்பு ஒதுங்கும், கையை விடும் முன் தடியால் தட்டுங்கள். ஈரச் சுவரில் இருக்கும் மின்பெட்டிக்கு எர்த் சரியா என்று பார்த்துவிடுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கணும்.

பட்டா, பாஸ்புக், காப்பீட்டுத் தாள்களை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரணில் வையுங்கள். காப்பீடு செய்த மாட்டின் காதுவில்லை விழாமல் இருக்கா என்று பார்த்து, மாட்டோடு சேர்த்துப் படம் எடுத்துவைத்தால், இழப்பு நேர்ந்தால் பணம் கேட்கும்போது உதவும்.

ஆவணியில் கூரையும் மரமும், புரட்டாசியில் வடிகாலும் கொட்டாய்த் தரையும், ஐப்பசி பிறக்கும் முன் விதையும் விறகும் தாள்களும் என்று பிரித்துக்கொண்டால் வேலை சுமையாகத் தெரியாது. கீற்றும் சாக்கும் கயிறும் ஆவணியில் சுலபமாகக் கிடைக்கும்; புயல் சின்னம் என்று செய்தி வந்த பிறகு தேடி அலைய வேண்டாம்.