முதிய பூனை புதிதாக வீடு வரும்போது

ஒருவர் நீண்ட சிகிச்சைக்காக வீட்டை விட்டு வர நேரும்போது, அவர் வளர்த்த உயிர்களும் இடம் பெயர்கின்றன. தனியே வாழ்ந்த பெரியவர் காலமானாலும் அவ்வாறே. குட்டிப் பூனையை ஏற்றுக்கொள்ளப் பலர் முன்வருவர். 12 வயதான, மருந்து உண்ணும் பூனையை ஏற்பவர் சிலரே. அந்தச் சிலரில் எங்கள் நோயாளிகளின் குடும்பத்தாரும் இருக்கிறார்கள். அம்மாவின் பூனையை எடுத்து வந்துவிட்டோம், அதற்கும் சிறுநீரகக் கோளாறு என்கிறார்கள், வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கிறார், வைத்துக்கொள்ளலாமா என்று எங்களிடம் கேட்கிறார்கள்.

பெரும்பாலான வீடுகளில் வைத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் மறுமொழி. எனினும் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். அவற்றைக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டறிந்து இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதல் வாரங்கள்

பத்து வயதைக் கடந்த பூனையை முதிய பூனை எனக் கால்நடை மருத்துவர்கள் கொள்கின்றனர். பதினைந்து வயதுப் பூனை, மனிதர்களில் எழுபதைக் கடந்த ஒருவருக்கு ஒப்பானது. இந்த வயதில் வீடு மாறுவது அதற்குப் பெரும் அதிர்ச்சி. முதல் சில நாள்கள் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். அதை இழுத்து வெளியே எடுக்க வேண்டாம். ஓர் அறையை ஒதுக்கி, உணவையும் தண்ணீரையும் ஒரு மூலையிலும் மணல் தட்டை மறு மூலையிலும் வையுங்கள். பழைய வீட்டில் அது படுத்திருந்த துணியையோ பழைய உடைமையாளரின் புடவையையோ துவைக்காமல் கொண்டு வந்து விரித்தால், பழகிய மணம் அதற்கு ஆறுதல் தரும்.

பழைய உணவையே முதலில் கொடுங்கள். மாற்ற வேண்டுமெனில் ஏழு முதல் பத்து நாள்களில், சிறிது சிறிதாகக் கலந்து மாற்றலாம். பூனை ஒளிந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். உண்ணாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாகாது. இரண்டு மூன்று நாள்கள் உணவின்றி இருந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகக்கூடும். உடல் பருத்த பூனைக்கு இந்த ஆபத்து மிகுதி. ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரை அழைத்துப் பேசுங்கள்.

முதல் இரு வாரங்களுக்குள் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. எடை, பற்கள், இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை அதில் அடங்கும். பழைய மருந்துச்சீட்டுகளும் தடுப்பூசி அட்டையும் கிடைத்தால் எடுத்துச் செல்லுங்கள். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இயங்குகிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

எடை என்னும் அளவுகோல்

பூனை தன் வலியை மறைக்கும் உயிரினம். அது நோயுற்றிருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் எடைதான். நான்கு கிலோ எடையுள்ள பூனை 200 கிராம் இழந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது உடல் எடையில் 5 விழுக்காடு; அறுபது கிலோ மனிதர் மூன்று கிலோ இழப்பதற்குச் சமம். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசின்மேல் தட்டையான கூடையை வைத்து அதில் பூனையை அமர்த்தலாம். ஐந்து கிலோ வரை தாங்கும் தராசு போதும்.

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வாரம் மும்முறை வரும் ஒரு தம்பதியர், கணவரின் அக்கா வளர்த்த 13 வயதுப் பூனையை ஏற்றுக்கொண்டனர். கணவரின் எடையைக் குறித்துவரும் அதே நோட்டுப் புத்தகத்தில், பக்கத்துப் பத்தியில் பூனையின் எடையையும் அந்த அம்மையார் எழுதி வந்தார். இவருக்கு எடை கூடினால் அச்சம், பூனைக்கு எடை குறைந்தால் அச்சம் என்று எங்கள் செவிலியரிடம் ஒரு நாள் சொல்லிச் சிரித்தார். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே பூனை ஆறு வாரங்களில் 300 கிராம் இழந்ததை அந்தப் பத்தியே காட்டியது. பரிசோதனையில் தைராய்டு மிகைச் சுரப்பு எனத் தெரிந்து, மாத்திரை தொடங்கப்பட்டது.

முதுமையில் அடிக்கடி காணும் நோய்கள்

சிறுநீரக நோய்: முதிய பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது இது. மிகுதியாகத் தண்ணீர் குடித்தல், மணல் தட்டு வழக்கத்தைவிட நனைந்திருத்தல், மெலிதல், வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். சிறுநீரகத்தின் செயல்திறனில் முக்கால் பங்கு குறைந்த பின்னரே கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் தெளிவாக உயர்கிறது என்பதால், சிறுநீர்ப் பரிசோதனையும் உடன் தேவை. பாஸ்பரஸ் குறைந்த சிறப்பு உணவும் போதிய நீரும் கிடைத்தால், தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட பூனைகள் பல ஆண்டுகள் நலமாக வாழ்வதுண்டு.

இங்கே எங்கள் சிறுநீரக நோயாளிகளின் குடும்பத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் தண்ணீரை அளந்து கொடுத்துப் பழகிய கை, பூனைக்கும் அவ்வாறே அளக்க முற்படலாம். அது தவறு. நோயுற்ற பூனையின் சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்க இயலாமல் வெளியேற்றிவிடுகிறது. ஆகவே அதற்குத் தண்ணீர் எப்போதும் தாராளமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், அகன்ற பாத்திரங்களில் வையுங்கள். சில பூனைகளுக்குத் தோலுக்கு அடியில் திரவம் செலுத்த மருத்துவர் கற்றுக்கொடுப்பார். அளவை அவரே முடிவு செய்ய வேண்டும்.

தைராய்டு மிகைச் சுரப்பு: பூனைகளிடம் இந்நோய் 1979-இல்தான் மருத்துவ இலக்கியத்தில் விவரிக்கப்பட்டது. நிறைய உண்டும் மெலிதல், அமைதியின்மை, இரவில் உரக்கக் கத்துதல், விரைந்த இதயத் துடிப்பு ஆகியவை அறிகுறிகள். மாத்திரையால் கட்டுப்படுத்தலாம்.

நீரிழிவு: இன்சுலின் ஊசி தேவைப்படலாம். உணவும் சிகிச்சையும் சீராக அமைந்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவையற்ற நிலை வருவதும் உண்டு. வீட்டில் நோயாளியும் பூனையும் இன்சுலின் பெறுவோராயின் மிகுந்த கவனம் வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பிகளும் 100 யூனிட் கொண்டவையும் விற்கப்படுகின்றன. சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40 யூனிட் மருந்துக்கு உரியது. ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு உரியது. மாறிப் போனால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். இருவரின் மருந்துகளையும் தனித்தனி டப்பாக்களில் பெயர் எழுதி வையுங்கள். ஊசி போட்ட பூனை தள்ளாடினாலோ வலிப்பு கண்டாலோ, சர்க்கரைக் கரைசலை ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

உயர் இரத்த அழுத்தம்: சிறுநீரக நோயோடும் தைராய்டு நோயோடும் சேர்ந்து வரும். விழித்திரை பிரிந்து பூனை திடீரெனப் பார்வை இழக்கலாம். சுவரில் மோதினாலோ கண்ணின் கருமணி விரிந்தே இருந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

மூட்டுத் தேய்மானமும் பல்நோயும்: சன்னல் திண்டில் தாவாமல் நிற்பதை முதுமை என்று விட்டுவிடுகிறோம், பெரும்பாலும் அது மூட்டு வலி. ஒரு முக்காலியைப் படியாக வையுங்கள். முன்பக்கம் தாழ்ந்த மணல் தட்டைத் தெரிவு செய்யுங்கள். உணவின் அருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பும் பூனையின் வாயைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

உணவுத் தட்டில்

பூனை ஊனுண்ணி. டாரின் என்னும் சத்தைப் போதிய அளவு அதன் உடலால் உருவாக்கிக்கொள்ள இயலாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்தே பெற வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் பழுதடையும். பால்சோற்றிலும் தயிர்ச்சாதத்திலும் பூனை வாழ்ந்துவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் உண்டு. சைவ உணவு உண்ணும் குடும்பத்தார், பூனைக்கென உருவாக்கப்பட்ட முழுமையான உணவை வாங்கிக் கொடுக்கலாம். சமையலறையில் எதையும் சமைக்க வேண்டியதில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. கருவாட்டில் உப்பு மிகுதி. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

மருந்துப் பெட்டியைப் பூட்டி வையுங்கள்

இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் கொள்வதாயின், இதைக் கொள்ளுங்கள். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. மனிதர்கள் காய்ச்சலுக்கு உண்ணும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதுமானது. அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாமல் போய், ஈறுகள் நீலமாகவோ பழுப்பாகவோ மாறும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மருந்துகளும் ஆபத்தானவை. நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தையும் பூனைமேல் தடவக் கூடாது. பூங்கொத்தில் வரும் லில்லி மலர்கள் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். நோயாளியை நலம் விசாரிக்க வருவோர் கொண்டுவரும் பூக்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நோயாளி உள்ள வீட்டில்

உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய் மருந்து பெறுபவர்கள், ஸ்டீராய்டு நீண்ட நாள் உண்பவர்கள், கருவுற்ற தாய்மார்கள் ஆகியோர், பூனையை ஏற்கும் முன்பே தம் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து, பச்சை இறைச்சி உண்ணாத முதிய பூனை, தெருவில் எடுத்த குட்டியைவிட அவர்களுக்குப் பாதுகாப்பானது.

டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிப்பட்ட பின், தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் தேவை. ஆகவே மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். அப்பணியை நோயாளி செய்ய வேண்டாம். வேறு எவரும் இல்லாவிடில் கையுறை அணிந்து செய்து, சோப்பால் கை கழுவ வேண்டும். தெள்ளுப்பூச்சியை ஒழிப்பதும் இன்றியமையாதது. பூனைக் கீறலால் வரும் காய்ச்சலின் கிருமியைப் பூனைகளிடையே பரப்புவது அதுவே. டயாலிசிஸுக்கான இரத்தக்குழாய் இணைப்பு உள்ள கையையோ, வயிற்றில் பொருத்திய குழாயையோ பூனை நெருங்க விடாதீர்கள்.

ரேபிஸ் தடுப்பூசி பூனைக்குக் கட்டாயம். கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். பூனையின் கூரிய பல் ஆழமாக இறங்குவதால், சிறிதாகத் தெரியும் கடியும் எளிதில் சீழ்பிடிக்கும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் என்பதை அங்கே மறவாமல் சொல்லுங்கள்.

பராமரிப்பவருக்கு

இருவரைப் பேணும் சுமை எளிதன்று. மருந்து வேளைகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நோயாளி உள்நோயாளியாகச் சேர நேர்ந்தால் பூனைக்கு உணவும் மருந்தும் கொடுப்பவர் யார் என்பதை இப்போதே முடிவு செய்து, வீட்டுச் சாவியையும் அத்தாளின் நகலையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். செலவைக் குறித்தும் தயங்காமல் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நாளில் செய்ய இயலாவிடில், எது முதலில் தேவை என்று அவர் வரிசைப்படுத்தித் தருவார். ஏற்றுக்கொள்ள முடியாத நிலையெனில், வேறு நல்ல இடம் தேடுவதில் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை.

எப்போது உடனே ஓட வேண்டும் என்பதையும் அறிந்திருங்கள். வாய் திறந்து மூச்சு வாங்குதல், உறங்கும்போது நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் சுவாசித்தல், பின்னங்கால்கள் திடீரென இழுத்துக்கொள்ளுதல், ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமை ஆகியவை விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை.

முதிய பூனையை ஏற்பவர், உடன் இருக்கும் காலம் குறைவு என்பதை அறிந்தே ஏற்கிறார். உணவில் விருப்பமின்மை, உடலைத் தானே நக்கித் தூய்மை செய்யாமை, விரும்பிய இடத்துக்கு வராமை ஆகியவை நாள்தோறும் தொடர்ந்தால், நல்ல நாள்களையும் துன்பமான நாள்களையும் நாள்காட்டியில் குறித்துவாருங்கள். துன்ப நாள்கள் மிகும்போது, வலியின்றி விடைகொடுக்கும் வழியைக் குறித்து மருத்துவரிடம் பேசலாம். அம்முடிவைக் குடும்பமாக, நோயாளியையும் கலந்து எடுங்கள். தம் உடன்பிறந்தாரோ பெற்றோரோ விட்டுச்சென்ற பூனை அது என்பதால், நோயாளிக்குத் தெரியாமல் முடித்துவிடுவது இரட்டைத் துயரமாகிவிடும்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, வீட்டில் பூனை உண்டு என்பதை உங்கள் மருத்துவரிடமும் செவிலியரிடமும் சொல்லுங்கள். அதை உங்கள் மருத்துவக் குறிப்பில் நாங்கள் எழுதிக்கொள்வோம். உங்களுக்கான மருந்தையும் அறிவுரையையும் அதற்கேற்ப அமைக்க அது உதவும்.