சைக்கிள்காரருக்கும் சட்டம் உண்டு

சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. அதனால் அடிபட்டால் கேட்க நாதியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. மோதிய வண்டியின் இன்சூரன்ஸிலிருந்தே இழப்பீடு கேட்கலாம்; அடிபட்டவரிடம் எந்தப் பாலிசியும் இருக்க வேண்டியதில்லை.

அடிபடாமல் இருப்பதைப் பற்றி முதலில். பஸ், லாரியின் இடப்பக்கம் ஒட்டி நிற்காதீர்கள். அங்கே நிற்பவர் பெரும்பாலும் டிரைவரின் கண்ணில் படமாட்டார். வண்டி இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் பின்னாலேயே நின்றுவிடுங்கள். ஓரமாக நிற்கும் கார்களைக் கடக்கும்போது, கதவு திறந்தாலும் படாத தூரம் விட்டு ஓட்டுங்கள்.

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைகளின் சைக்கிளில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இருக்கட்டும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பெற்றோரே பார்க்கலாம். 'ராங் சைடு' பழக்கம் உயிருக்கு மட்டும் ஆபத்தில்லை. விளக்கு இல்லை, எதிர்த்திசையில் வந்தார் என்று இன்சூரன்ஸ் வக்கீல் நிரூபித்தால் இழப்பீட்டுத் தொகையும் குறையும்.

விபத்து நடந்தால் உடனே 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தூக்கிச் செல்பவர் பெயர் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். 'கேஸெல்லாம் எதுக்கு, ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கிறோம்' என்று ரோட்டிலேயே பேசி முடிப்பார்கள். உள்காயம் தெரிய வருவதற்குள் வண்டிக்காரர் போனை எடுக்க மாட்டார். முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். அதன் நகல் உங்களுக்கு இலவசம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்கள் ஊரிலேயே மனு போடலாம். சட்டம் தரும் கெடு 6 மாதம். அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் உண்டு. அவற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இடித்த வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இந்தத் தொகை 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். எந்தச் சமரசக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன் சட்ட உதவி எண்ணான 15100-க்கு ஒரு போன் போடுங்கள்.