கையளவு மண்ணும் கறிக்கு உதவும்

பாசாருக்குப் போய்த் திரும்பும் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். "பத்து வெள்ளியக் கொண்டு போனா பை பாதிகூட நிறைய மாட்டேங்குது" என்பார்கள். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் வீட்டு வாடகை, பள்ளி பஸ் காசு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போனபின் கையில் நிற்பது என்ன? சம்பளத்துக்காகப் பேச வேண்டியதை நாம் பேசிக்கொண்டேதான் இருப்போம். அதோடு, அடுப்படிச் செலவைக் குறைக்க நம் கையிலேயே இருக்கும் ஒரு வழியைப் பற்றி இந்த வாரம் சொல்லுகிறோம். அதுதான் காய்கறித் தோட்டம்.

"தோட்டமா? நாங்க இருக்கிறது நாலாவது மாடியாச்சே!" என்று சிரிக்க வேண்டாம், தோழர்களே. முழுவதும் படியுங்கள்.

நமக்குப் புதிதல்ல

காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்து வந்த பிறகு நம் பாட்டன் பாட்டிமார் எங்கே போனார்கள்? லயத்துக்குப் பின்னால் இருந்த கொல்லைக்குத்தான். முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, பந்தலில் புடலை, ஓரத்தில் வெண்டையும் கத்தரியும். ஜப்பான்காரன் ஆண்ட 1941 - 1945 காலத்தில் அரிசி கண்ணில் படாதபோது உயிரைக் காத்தது மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிறகு 1974இல், பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்தில், சும்மா கிடக்கும் நிலத்தில் காய்கறி போடச் சொல்லி அரசாங்கமே பச்சைப் புத்தகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாடு அப்போது சொன்னதை நம்மவர்கள் லயத்தில் அதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள்!

பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன. சுபாங் ஜெயா என்று இன்று சொல்லும் பட்டணம் 1970களில் சீபீல்டு தோட்டத்து மண்ணில் எழுந்தது. பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். அதே பங்சாரில் 2017ஆம் ஆண்டு முதல் உயர்மின் கோபுரத் தடத்தின் கீழே பட்டணத்து மக்கள் ஒன்றுகூடிக் காய்கறி போடுகிறார்கள். பட்டணத்தார் ஆசைப்பட்டுத் தேடிப் போகும் அந்த வேலை நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. அதை அடுக்குமாடிக்கு வந்ததும் கீழே போட்டுவிடலாமா?

நாலாவது மாடியில் என்ன முடியும்?

வெயில்தான் முதல் கணக்கு. வெண்டை, மிளகாய், கத்தரிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். கீரை வகைக்கு நாலு மணி நேரம் இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம்.

பழைய பெயிண்ட் வாளி, எண்ணெய் டின் எதுவும் ஆகும். நன்றாகக் கழுவி, அடியில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. இந்தக் கலவை எல்லாக் காய்கறிக்கும் ஒத்துவரும். கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். ஆறப்போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கங்கோங் விதை போட்டு 25, 30 நாளில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் அடித்தண்டு விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். தண்டுக்கீரையும் ஏறக்குறைய அதே நாள்தான். சாவி 30 முதல் 40 நாள். வெண்டை 50 நாள் வாக்கில் காய்க்கும். மிளகாய்க்கு விதையிலிருந்து மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஆனால் காய்க்கத் தொடங்கிவிட்டால் பல மாதம் கை கொடுக்கும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வாளிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். டிங்கி காய்ச்சல் ஒரு பக்கம், 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் இன்னொரு பக்கம்!

இரண்டாவது, தோட்டத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு. மருந்து அடித்த காலி டின், காலி தோம்பு எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது செடி வைக்கவோ தண்ணீர் பிடிக்கவோ ஆகாது. பாராகுவாட் என்னும் புல் மருந்து 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய மிச்சம் எங்காவது மூலையில் கிடந்தாலும் தொடக்கூடாது. நாம் சாப்பிடப் போகும் கீரையில் புல் மருந்துக்கு என்ன வேலை?

கூட்டாகப் போட்டால்

கீழே இருக்கும் காலி இடத்தில் பத்துக் குடும்பம் சேர்ந்து போட்டால் இன்னும் நல்லது. ஆனால் இங்கேதான் சண்டை வரும். நாம் போய்ப் பார்த்த ஓர் அடுக்குமாடியில் பெண்கள் சேர்ந்து அருமையாகப் பயிர் செய்தார்கள். பயற்றங்காய் கொடி நிறையக் காய்த்துத் தொங்கிய நேரத்தில் நிர்வாகக் குழு ஆள்விட்டு அத்தனையும் பிடுங்கிப் போட்டது. "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்ற ஒரே கேள்விக்கு அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. "பிள்ளை மாதிரி வளர்த்தோமேங்க" என்று ஓர் அம்மா அழுதது இன்னும் நம் காதில் இருக்கிறது.

ஆகவே மண்வெட்டி எடுக்கும் முன் பேனாவை எடுங்கள்.

நிலம் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். அடுக்குமாடியின் பொது இடம் என்றால், 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அது வீட்டுக்காரர் எல்லாருக்கும் பொது. நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து, ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட வையுங்கள். அரசு நிலம் என்றால் நில அலுவலகத்தில் டி.ஓ.எல். என்னும் தற்காலிக உரிமம் கேட்கலாம். ஆனால் அந்த உரிமம் அந்த ஆண்டு முடிவோடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. அதை நம்பிப் பெரிய செலவு வைக்காதீர்கள்.

அடுத்தது கணக்கு. யார் யார் சேர்ந்தார்கள், தண்ணீருக்கு யார் எவ்வளவு, எந்த நாள் யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பாத்தியைக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டு, முருங்கை, கறிவேப்பிலை போன்ற மரங்களை மட்டும் பொதுவில் வைப்பது நல்லது. உழைக்காதவன் பறிக்கவும், உழைத்தவன் முறைக்கவும் இடம் வராது. தனியாக ஆள் இல்லாத கிழவியின் பாத்திக்கு இளைஞர்கள் தண்ணீர் தூக்கட்டும். அவர் கைப்பக்குவத்தை இளைஞர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

வீடு பேசும்போது மண்ணையும் பேசுங்கள்

இன்னும் தோட்டத்தில் இருக்கும் தோழர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. தோட்டம் விற்கப்படும் என்ற பேச்சு வந்தால் நாம் நஷ்டஈடு கேட்கிறோம், வீடு கேட்கிறோம். நியாயம்தான். கோயிலும் பள்ளியும் கேட்கிறோம். அதோடு பயிர் போட ஒரு துண்டு நிலத்தையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள். நாற்பது வருடம் மண்ணில் நின்று உழைத்த கால்களைச் சிமெண்டுத் தரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "வீடு கொடுத்துட்டோமே" என்று சொல்லிவிட முடியாது. வேலையும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் நாலு சுவருக்குள் சுருண்டு போன பெரியவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

வாயால் கிடைத்த வாக்கு மழையில் கரைந்துவிடும். எழுத்தில் வாங்குங்கள். வாங்கும்வரை வாளியில் கங்கோங் வளரட்டும்!