முதல் மூன்று மாதம்

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கின்றன. கோலமாவைக் கிள்ளி இழை இழுக்க முடியவில்லை. ஈரத்துணியைப் பிழிய மணிக்கட்டு இடங்கொடுக்கவில்லை. வெயில் ஏறிய பிறகே கை ஒருவாறு வழிக்கு வருகிறது. இவ்விதம் சொல்லும் நாற்பது வயதுப் பெண்மணிக்கு வீட்டார் தைலம் தேய்த்து விடுவதும், மருந்துக்கடைக்காரர் வலி மாத்திரை கொடுப்பதும், அக்கம்பக்கத்தார் "வயசாகிறதல்லவா" என்று சமாதானம் கூறுவதும், 2006-ஆம் ஆண்டுக்குப் பிறகு நம் ஊரில் எந்த மூட்டுவலிக்கும் பொறுப்பேற்று நிற்கும் சிக்குன்குனியாவின் தலையில் பழியைப் போடுவதுமாக மாதங்கள் கழிந்து விடுகின்றன. வியாதி எந்தத் திசையில் செல்லும் என்பது பெரும்பாலும் நிர்ணயமாவது அந்த மாதங்களில்தான்.

ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் (ஆர்.ஏ.) எனப்படும் முடக்குவாதமே இந்த வியாதி; இது முதுமையின் தேய்மானமன்று. கிருமிகளோடு போராட வேண்டிய நமது சரீரத்தின் ரட்சணைப் படையே, காரணம் முழுதும் புலப்படாத ஒரு பிரமையால் மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென்று கருதித் தாக்க, அச்சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பின் விளிம்பையும் அரிக்கத் தொடங்குகிறது. ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்கு வரும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பு அரிபடுகிறது; அரிபட்டதை முன்போல் ஆக்கும் ஔஷதம் இன்றளவும் இல்லை. ஆதலால்தான், மூட்டு வீங்கிய ஆறு வாரங்களுக்குள் நோயாளியை ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் நிபுணர் பார்த்துவிட வேண்டும், மூன்று மாதங்களுக்குள் நோயின் போக்கையே மாற்றும் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் விதித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் லைடன் நகரில் இதற்கெனவே 1993-இல் ஒரு தனிக் கிளினிக் திறந்து, மூட்டு வீங்கியவர்களைத் தாமதமின்றி அனுப்புமாறு சுற்றுவட்டாரக் குடும்ப வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

நம் ஊரில் நடப்பது வேறு. நோயாளி நிபுணரை அடையுமுன் ஒரு ஸ்டீராய்டு ஊசியை அடைந்து விடுகிறார். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் நடமாட்டமற்றுக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தியபோது, சில தினங்களிலேயே அவள் எழுந்து நடமாடினாள். 1950-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நீடித்த பிரயோகத்தில் முகம் உப்புவதும் எலும்பு வலுவிழப்பதும் வெளிப்பட, அது தனித்து நின்று நோயை வெல்லும் மருந்தன்று என்பது விரைவில் தெளிவாயிற்று. உலகம் அன்றே கற்ற அந்தப் பாடத்தைக் கல்லாதவர் போல இன்றும் சிலர், நோய் இன்னதென்று நிச்சயிக்காமலேயே ஸ்டீராய்டு ஊசியைப் போட்டனுப்ப, மறுநாள் விரல் மடங்குகிறது; "கைராசிக்காரர்" என்ற பெயரும் நிலைத்து விடுகிறது; எலும்பு மட்டும் உள்ளே அரிபட்டுக்கொண்டே இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையும் சில சமயம் ஏமாற்றும். "ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ்" என்று வந்த காகிதத்தை நம்பி நிம்மதியடைவோர் பலர்; ஆனால் நோயுள்ளவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கேனும் அது அவ்வாறுதான் வரும். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயும் பழுதின்றித் தோன்றும். இவற்றுக்கெல்லாம் முந்தி, கைகுலுக்குவது போல விரல்களின் அடிக்கணுக்களைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்திப் பார்த்தால், நோயாளி முகஞ்சுளித்துக் கையை இழுத்துக்கொள்வதே நிபுணரிடம் அனுப்பப் போதிய சாட்சி. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அனுப்புவது எங்கே என்பதுதான் சங்கடம். சென்னை, மதுரை, கோவை போன்ற பெருநகரங்களில் குவிந்திருக்கும் இந்நிபுணர்களைக் காண, ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து ஒருத்தி துணைக்கு ஆள் தேடி, ஒரு நாள் கூலியை இழந்து, வீங்கிய காலோடு இரவுப் பேருந்தில் ஏற வேண்டியிருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், பெரும்பாலோருக்கு முதலில் எழுதப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சில ரூபாய்தான். வாரத்தில் ஒரே நாள் உண்ண வேண்டிய அதைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதோடு ஃபோலிக் அமிலமும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் அவசியம். கருவுற்றவர்கள் தொடவே கூடாது. இந்தக் கண்காணிப்பைத் தாலுகா மருத்துவமனையே செய்யலாம். நிபுணர் தேவைப்படுவது முதலில் நோயை நிச்சயிக்கவும், பின்னர் மருந்தை மாற்றவுமே. ஆகவே ஊர்தோறும் நிபுணரை நியமிப்பதைவிட, முதலில் பார்ப்பவரின் கண்ணைத் திறப்பதே உடனடியாகச் சாத்தியமானது என்பது என் அபிப்பிராயம். 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் ஊழியர்கள், "காலையில் கை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் என்ன?

அரசு அதைச் செய்யும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. விரற்கணுக்களில் வீக்கமும், அரைமணி நேரத்துக்கு மேற்பட்ட காலை இறுக்கமும் சில வாரங்களாகத் தொடர்ந்தால், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாதநோய்ப் பிரிவு உண்டா, எந்தக் கிழமை என்று விசாரித்து, பழைய சீட்டுகளையும் உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இதுவரை போட்ட ஊசிகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.