பதகளிப்பும் செபமும்: போர் தின்ற மனங்கள் அமைதியைத் தேடுவது எப்படி?

நத்தார் நள்ளிரவுப் பூசை முடிகிறது. கோயில் வளவுக்கு வெளியே பிள்ளைகள் சீனவெடி கொளுத்துகிறார்கள். முதல் வெடிச் சத்தத்திலேயே, வாசலில் நிற்கும் ஓர் அம்மம்மாவின் கை பக்கத்தில் நிற்கும் பேரனின் தலையை அமுக்கிக் குனிய வைக்கிறது. அவர் யோசித்துச் செய்த காரியமல்ல அது. 2009 மே மாதத்தோடு போர் முடிந்துவிட்டது என்று நாடு சொல்கிறது. அந்தக் கைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இது புதுக் காட்சியல்ல. ஹெலிச் சத்தம் கேட்டால் வயிறு பிசைவதும், இரவில் நாய் குரைத்தால் நெஞ்சு படபடப்பதும், பிள்ளை ரியூசன் முடிந்து வரப் பத்து நிமிடம் பிந்தினால் மூச்சு முட்டுவதும் எங்கள் வீடுகளில் சாதாரணமாகிவிட்டன. உளமருத்துவர்கள் இதைப் பதகளிப்பு என்கிறார்கள்.

பதகளிப்பு கோழைத்தனமல்ல. ஆபத்தின்போது உயிரைக் காக்க உடல் எழுப்பும் அபாய ஒலி அது. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு குறுகும், தசைகள் இறுகும், காது கூர்மையாகும். கிபிர் வந்த நாட்களில் பங்கருக்குள் பாய வைத்து எங்களைக் காப்பாற்றியது இந்த அபாய ஒலிதான். ஆபத்து போன பிறகும் அது ஓயாமல் ஒலிப்பதுதான் இன்றைய துன்பம்.

இந்தத் துன்பத்தோடு செபத்துக்குப் போகிறவர்கள் எங்கள் மத்தியில் ஏராளம். செபம் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவர்களுக்கு நல்லது.

பயப்படுவது பாவமல்ல

“பயப்படுகிறாயா? அப்படியானால் உனக்கு விசுவாசம் காணாது” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. பிடிபடுவதற்கு முந்திய இரவில் கெத்சமனித் தோட்டத்தில் யேசுவே கலங்கினார். தன்னோடு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கேட்டார். வரவிருக்கும் துன்பம் தன்னைக் கடந்து போகட்டும் என்று மூன்று முறை மன்றாடினார். அவரது வியர்வை இரத்தத் துளிகளைப் போல் நிலத்தில் விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். பதகளிப்பில் உடல் வியர்ப்பதை அறிந்தவர்களுக்கு இந்த இடம் அந்நியமாக இராது.

சங்கீதங்கள் 150இல் பெரும் பங்கு புலம்பல்கள்தான். கடவுளே ஏன் ஒளிந்திருக்கிறீர், எவ்வளவு காலம் பொறுப்பது என்று நேருக்கு நேர் கேட்கும் பாடல்கள் அவை. 88ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் செபமாகவே திருச்சபை இரண்டாயிரம் ஆண்டுகளாக வாசித்து வருகிறது. எனவே அழுகையும் கோபமும் கேள்வியும் செபத்துக்கு வெளியே நிற்க வேண்டியவை அல்ல.

கவலைப்படாமல், உங்கள் தேவைகளை நன்றியோடு கடவுளிடம் சொல்லுங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். அதை அவர் எழுதியது சிறையிலிருந்து. அப்போது கிடைக்கும் சமாதானம் மனித அறிவைக் கடந்தது என்றும், அது உள்ளத்தைக் காக்கும் என்றும் சொல்கிறார். ‘காக்கும்’ என்பதற்கு அவர் எடுத்தாண்ட கிரேக்கச் சொல், நகர வாசலில் படையினர் காவல் நிற்பதைக் குறிப்பது. காவலரண்களைக் கண்டாலே நடுங்கிய எங்களுக்கு அது வித்தியாசமான உவமைதான். இந்தக் காவல் உள்ளே நின்று பயத்தைத் தடுக்கிறது.

உடலுக்குள் நடப்பது

செபமாலை சொல்லும் வீடுகளில் ஒருவர் அருள் நிறை மந்திரத்தின் முதற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்வார்கள். நீண்ட வசனம், பிறகு ஓய்வு, திரும்பவும் நீண்ட வசனம். மூச்சு தானாகவே ஆறுதலாகிறது. 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியான இத்தாலிய ஆய்வு, ஆரோக்கியமான 23 பேரை இலத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்துப் பார்த்தது. அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு தடவையாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் தாளமும் சீரானது. யோக மந்திரம் சொன்னபோதும் அதே பலன் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும், போரால் பாதிக்கப்பட்டோருக்கு அவரவர் சமய மரபிலிருந்தே தளர்வுப் பயிற்சிகளை எடுத்துக் கற்பிப்பதை வலியுறுத்தி வந்தவர். சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று, ஏற்கெனவே தெரிந்த வழியே எளிதில் கைகொடுக்கும்.

வீட்டில் செய்து பார்க்க

படபடப்பு வரும்போது கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி உட்காருங்கள். பயத்துக்குப் பெயர் வையுங்கள்: “ஆண்டவரே, மகன் வரப் பிந்துகிறான், எனக்குப் பயமாக இருக்கிறது.” அலங்கார வார்த்தைகள் தேவையில்லை. பிறகு ஒரு சிறு மன்றாட்டை மூச்சோடு சேருங்கள். உள்ளே இழுக்கும்போது யேசுவின் பெயர், வெளியே விடும்போது “இரக்கமாயிரும்”. வெளிமூச்சு நீளமாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். முடிவில் அன்று கிடைத்த ஒரு நன்மையைச் சொல்லி நன்றி கூறுங்கள். ஒரு வாளி நல்ல தண்ணீர் கிடைத்ததாக இருந்தாலும் சரி. தனியே முடியாவிட்டால் அயலவர் ஒருவரைக் கூப்பிட்டுச் சேர்ந்து செபியுங்கள். யேசுவும் துணைக்கு ஆட்களைக் கேட்டார்.

செபம் செய்யாதவை

செபம் கவசமல்ல. 1995 யூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்தது. 1999 நவம்பரில் மடுக் கோயில் வளவுக்குள் செல் விழுந்தது. அங்கே இறந்தவர்களும் செபித்தவர்கள்தான். “ஏன்?” என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்ல முனைவது அவர்களை அவமதிப்பதாகும். அந்தக் கேள்வியைக் கடவுளிடமே வைக்கச் சங்கீதங்கள் இடம் தருகின்றன.

செபம் மறதியுமல்ல. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு 2017 முதல் தெருவோரக் கொட்டிலில் இருந்த தாயிடம் “ஆண்டவரிடம் விட்டுவிட்டு மறந்துவிடு” என்று சொல்வது ஆறுதலாகாது. நீதிபதியிடம் ஓயாமல் போய் நியாயம் கேட்ட விதவையைத்தான் யேசு செபத்துக்கு உதாரணமாகக் காட்டினார். நீதி கேட்பதும் அமைதி தேடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

செபம் மருந்துக்கு மாற்றுமல்ல. வாரக்கணக்கில் நித்திரையின்மை, வேலை செய்ய முடியாமை, மதுவில்லாமல் இருக்க முடியாமை, சாகலாம் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். “செபம் போதும், குளிசையை நிறுத்து” என்று யார் சொன்னாலும், வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

அந்த அம்மம்மாவுக்கு அடுத்த நத்தாரிலும் கை நடுங்கலாம். ஆனால் பேரனின் தலையில் வைத்த கையை உடனே எடுக்காமல், மூச்சை ஆறுதலாக விட்டு, அதே கையால் அவனுக்கு நெற்றியில் சிலுவை அடையாளம் வரைய அவரால் முடியும். அமைதி பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறது.